வெங்காயப் பட்டணம்

பிப்ரவரி 10, ஞாயிறு

வந்து சேர்ந்தாயிற்று. மூக்குக்குள் இருக்கிற மயிர்கூட உறைந்து குத்துகிறது. இப்படி ஓர் ஊரிலும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்றுதான் அர்த்தம். விரல் மடங்கவில்லை. மீதி பிறகு.

பிப்ரவரி 12, செவ்வாய்

இந்த டைரி உரக்கடையில் சும்மா கொடுத்தது. எங்கள் வீட்டுக்காரர் பெட்டிக்குள் வைத்துவிட்டார். "அங்க உன் பேச்சைக் கேக்க ஆள் கிடைக்காது. இதுகிட்டப் பேசிக்கோ" என்றார். கோவில்பட்டியில் மூன்று மாதம் அவருக்கு நிம்மதி. நான் ஐந்தாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும், இந்த ஊரில் கண்டுபிடிக்க யார் இருக்கிறார்கள்?

மகள் பொன்மலருக்கு ஏழு மாதம். டாக்டருக்குப் படிக்க இந்த நாட்டுக்கு வந்தவள், கிரீல் என்கிற பையனைக் கட்டிக்கொண்டு அவன் ஊரிலேயே ஆஸ்பத்திரி வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வடக்கே எண்ணெய்க் கிணற்றில் இருக்கிறார், மே மாதம்தான் வருவாராம். தலைப்பிரசவத்துக்குப் பெண்தான் தாய் வீட்டுக்கு வரவேண்டும். இவளுக்கு விமானத்தில் ஏறக் கூடாதாம். அதனால் தாய் வீடு இவளிடம் வந்திருக்கிறது, இட்லிக் கொப்பரையோடு.

பிள்ளை பிறந்து கழுத்து நின்றதும் இரண்டு பேரையும் ஊருக்குக் கூட்டிப் போவதாகத் திட்டம். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் நடுக்கூடத்து உத்தரத்தில் தூளி கட்டியாகிவிட்டது.

ஊரின் பெயர் லுகோவெட்ஸ்க். வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு சொன்னால்தான் சரியாக வருகிறது. ஒரு தெரு. தெருவின் நடுவில் ஒரு சிலை, கையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மனுஷனே, "இங்க என்ன இருக்கு, அங்கிட்டுப் போங்க" என்றுதான் சொல்கிறார். ஒருத்தரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 15, வெள்ளி

சம்பந்தியம்மாள் பெயர் தமாரா. என் வாயில் நிற்காததால் தாமரை என்று வைத்துவிட்டேன். சீனியம்மாள் என்கிற என் பெயரை அவள் ஸேன்யா என்று சுருக்கிவிட்டாள். கணக்குச் சரி. ஆறடி உயரம், சிரிப்பே கிடையாது. இந்த ஊர் மியூசியத்துக்கு அவள்தான் மேனேஜர், அவள்தான் டிக்கெட் கிழிக்கிறவள், பெருக்குகிறவளும் அவளே. மகள் அவளை "மாமா" என்று கூப்பிடுகிறாள். ரஷ்யாவில் அம்மாவுக்கு அதுதான் பெயராம். எங்கள் ஊரில் மாமாவுக்கு மீசை இருக்கும் என்றேன். மகள் முறைத்தாள்.

இன்று மியூசியத்துக்கு இழுத்துப் போனாள். தமிழ் பேசும் ஒரு செல்போனை மகள் என்னிடம் கொடுத்திருக்கிறாள். தாமரை அதில் ரஷ்யனில் பேசினால் அது எனக்குத் தமிழில் சொல்லும். வளைந்த ஒரு பழைய மரத்துண்டு கிடந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று அவள் பெருமையாகப் பேசினாள். போன் சொன்னது: "எங்கள் நகரம் வெங்காயத்தால் பெயர் பெற்றது. நானூறு வீரர்கள் வெங்காயத்துடன் ஆற்றங்கரையில் நின்றார்கள். எதிரிகள் வெங்காயத்தால் கொல்லப்பட்டார்கள்."

நான் சிரித்ததில் அங்கே இருந்த பூனை எழுந்து ஓடிவிட்டது.

சாயங்காலம் மகள் விளக்கினாள். "அம்மா, லுக்னா வில்லு. அம்பு விடுற வில்லு. வெங்காயத்துக்கும் அதே வார்த்தைதான். போனுக்கு வித்தியாசம் தெரியல."

"ஏட்டி, நேத்துக் கடையில லுக் குடுன்னு கேட்டேன், வெங்காயம்தானே குடுத்தான்? வில்லையா குடுத்தான்?"

"அவங்ககிட்ட வெங்காயம்னு சொல்லிராதே. அவங்க தாத்தா காலத்துலேர்ந்து அதுக்குத்தான் சண்டை. வில்லாளிங்க ஊருன்னு நிரூபிக்க முப்பது வருசமா எழுதுறாங்க."

முப்பது வருசமாக எழுதியும் ஒரு வெங்காயத்தை விரட்ட முடியவில்லை. இனி எனக்கு இது வெங்காயப் பட்டணம்தான்.

பிப்ரவரி 24, ஞாயிறு

மறுபடி மியூசியம். வேறு எங்கே போவது? இன்றைக்குப் பூகோளப் பாடம். மேஜை மேல் ஊரைக் களிமண்ணில் செய்து வைத்திருக்கிறாள். நடுவில் ஆறு, நீலக் கண்ணாடி. இக்கரையில் நம் வெங்காயம். அக்கரையில் ரயிலடி. அந்த ஊருக்கு வேறு பெயர் ஏதோ இருக்கிறது, எல்லோரும் ஸ்தான்ஸியா என்கிறார்கள், நான் ஸ்டேஷன் என்கிறேன், புரிகிறது. ஆற்றின் நடுவில் ஒரு தீவு. தீவு வரைக்கும் எங்களது, தீவைத் தாண்டினால் ஸ்டேஷன்காரர்களது என்று விரலால் ஒரு கோடு போட்டாள். அந்தத் தீவில் மாட்டுக்குப் புல் அறுப்பதற்காக இரண்டு ஊரும் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்டதாம். புல்லுக்கு!

சரித்திரமும் கேட்டுக்கொண்டேன். ஊர் மூன்று தடவை எரிந்திருக்கிறது. மூன்று தடவையும் மரத்திலேயே கட்டியிருக்கிறார்கள். ஒரு ராணி இந்த வழியாகப் போனபோது வண்டி அச்சு முறிந்து ஒரு ராத்திரி தங்கினாள், அதற்கு ஒரு கல்வெட்டு. அவள் விடிந்ததும் ஓடிப்போனாளே, அதற்குக் கல்வெட்டு இல்லையா என்று கேட்டேன். போன் அதை எப்படிச் சொன்னதோ, தாமரையின் காது சிவந்தது. பெரிய கோவிலை இடையில் உருளைக்கிழங்கு குடோன் ஆக்கியிருந்தார்களாம், இப்போது பாதி கோவில், பாதி குடோன்.

எல்லாவற்றுக்கும் சிகரம் ரயில் கதை. ரயில் போட வந்தவர்கள் இக்கரையில்தான் கேட்டிருக்கிறார்கள். இந்த ஊர் வியாபாரிகள், ரயில் சத்தத்தில் கோழி முட்டையிடாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ரயில் அக்கரைக்குப் போயிற்று. ரயிலோடு கடை, பள்ளிக்கூடம், கடைசியில் பிரசவ ஆஸ்பத்திரி, எல்லாம் அக்கரைக்குப் போயிற்று. ஆற்றுக்குப் பாலம் கிடையாது. கோடையில் மிதவைகளைக் கட்டிப் பாலமாக்குவார்கள். குளிர்காலத்தில் ஐஸ் மேலேயே கார் ஓட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில்?

"நடுவுல என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"காத்திருப்போம்" என்றது போன்.

இக்கரையிலும் ஒரு பிரசவ வீடு இருந்ததாம். பிள்ளை பிறப்பது குறைந்ததும் மூடிவிட்டார்கள். அந்தக் கட்டடம்தான் இந்த மியூசியம். மாப்பிள்ளை பிறந்த அறையில் இப்போது உடைந்த சட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறாள். இங்கே ஒரு பிள்ளை பிறந்து ஆறு வருசமாகிறது. பிறக்கிற எல்லாப் பிள்ளைக்கும் பிறந்த ஊர் ஸ்டேஷன் என்றுதான் பதிவாகிறது என்று சொல்லும்போது மட்டும் தாமரை என்னைப் பார்க்கவில்லை, சட்டிகளைப் பார்த்தாள்.

ஒரு கோழிக்காக ஊரையே தொலைத்தவர்கள்.

மார்ச் 5, செவ்வாய்

வாரம் முழுக்கத் தோசைத் திருவிழா. புளிக்கவும் இல்லை, முறுகலும் இல்லை, மேலே மீன் முட்டை. திருவிழா என்றால் வெயிலாவது அடிக்க வேண்டாமா?

மார்ச் 10, ஞாயிறு

வளைகாப்பு. ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த கண்ணாடி வளையல்களை மலருக்குப் போட்டேன். பிள்ளை பிறக்குமுன் விழாக் கொண்டாடினால் ஆகாது என்று தாமரை முதலில் கதவருகிலேயே நின்றாள். பிறகு தோளுக்குப் பின்னால் மூன்று தடவை தூ தூ தூ என்று துப்பிவிட்டு உள்ளே வந்தாள். நாங்கள் துப்புவதைப் போலவேதான். ஆனால் எங்களுக்கு அளவாகத் துப்பத் தெரியும்.

அவளுக்கும் இரண்டு வளையல் போடப் பார்த்தேன். அந்தக் கைக்கு வண்டிச் சக்கரம்தான் போடவேண்டும். நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டேன். கழற்றவில்லை.

மார்ச் 20, புதன்

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தெருவெல்லாம் சகதி. எங்கள் கரிசல் சகதியில் பருத்தியாவது விளையும்.

மார்ச் 27, புதன்

அக்கரை டாக்டரம்மாள் போன் செய்தாள். தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறதாம், ஆனாலும் ஐஸ் பாதை அடைக்குமுன் வந்து படுத்துக்கொள்ளச் சொல்கிறாள். தாமரை பெட்டியைக் கட்டிவிட்டாள், நாளைக் காலை கார் வருமாம்.

நாளை அஷ்டமி. மறுநாள் நவமி. தலைப்பிரசவத்துக்கு ஒரு பெண் வீட்டைவிட்டு இறங்குகிற நாளா இது? சனிக்கிழமை தசமி, ராகு காலம் கழிந்து கிளம்பலாம் என்றேன்.

"அம்மா, நான் டாக்டரு. அஷ்டமி ஐஸுக்குத் தெரியாதும்மா" என்றாள் மகள்.

"நீ டாக்டரு. நான் பெத்தவ."

கொஞ்சம் அழவும் செய்தேன். மகள் தாமரையிடம் ரஷ்யனில் ஏதோ பேசினாள். தாமரை சன்னல் வழியாக ஆற்றை நெடுநேரம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு காரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆற்றைப் பார்த்து நாள் குறிக்கிற ஜனங்கள்.

மார்ச் 30, சனி

குளித்து, சாமி கும்பிட்டு, மலர் நெற்றியில் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தோம். ராகு காலம் முடியவில்லை. தாமரை வெளியிலிருந்து வந்து தொப்பியைக் கழற்றினாள்.

பாதையை அடைத்துவிட்டார்களாம். காலையிலேயே ஐஸில் பெரிய வெடிப்பு. குறுக்கே கட்டை போட்டு ஒரு போலீஸ்காரன் நிற்கிறான்.

ஆறாம் இது. ஒரு நாள் பொறுக்கத் தெரியாதா? எங்கள் ஊர் ஓடையில் ஐப்பசியில் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை, யாரையும் ஏமாற்றாது. சுற்றி வர ரோடு இருக்கிறதா என்றால், இருக்கிறது, காட்டுக்குள் ஒரு நாள் பயணம், இந்தச் சகதியில் லாரியே புதைந்து நிற்கிறதாம். இந்த ஊரைக் கட்டினவன் கையை ஒடிக்கவேண்டும். கோழிமுட்டைக்காரர்களையும் சேர்த்து.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. தாமரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொன்னால் பதிலுக்கு நானும் சொல்வேன். சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

மார்ச் 31, ஞாயிறு

சோறு இறங்கவில்லை. இந்த ஊர் அரிசி அப்படி.

ஏப்ரல் 2, செவ்வாய்

தாமரை என் கையைப் பிடித்துக்கொண்டு போனில் பேசினாள். "பயப்படாதே. வலி வந்தால் தலையணை வரும்" என்றது போன்.

பிரசவ வலிக்குத் தலையணையாம். இவர்களை நம்பி மகளைக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

எழுதியே ஆகவேண்டும்.

காலையில் காபி கலந்துகொண்டிருந்தேன். மலர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேதிக்கு முந்தியே வந்துவிட்டது. தாமரை போனில் யார் யாரிடமோ கத்தினாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு மகளைத் தாங்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்து, "பொதுஷ்கா! ஸேன்யா, பொதுஷ்கா!" என்றாள். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். தலையணை. கட்டிலில் கிடந்த தலையணையை உருவிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

ஆற்றங்கரையில் ஊரே நின்றது. ஆறு முழுக்க ஐஸ் பாளம் பாளமாக முட்டிக்கொண்டு போகிறது, அரிசி மில்லில் கல்லைப் போட்டால் வருகிற சத்தம். தூரத்தில் அக்கரையிலிருந்து ஒரு படகு, அடியில் கறுப்பாகப் பெரிய ரப்பர் மூட்டை உப்பிக்கொண்டு, தண்ணீர் மேலும் ஐஸ் மேலும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. ஊரே "பொதுஷ்கா, பொதுஷ்கா" என்றது. காற்றடைத்த அந்தப் படகுக்குத் தலையணை என்று பெயராம்.

நான் கையில் நிஜத் தலையணையோடு நின்றேன். பக்கத்தில் ஒரு கிழவர் என்னையும் அதையும் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே.

ஆரஞ்சுச் சட்டைக்காரன் விரலைக் காட்டினான். கூட ஒரே ஆள்தான் ஏறலாம்.

மலர் அப்போது கத்தினாள். "மாமா!" என்று கத்தினாளா, "அம்மா" என்று கத்தினாளா, அந்தச் சத்தத்தில் தெரியவில்லை. நானும் தாமரையும் ஒன்றாகக் காலெடுத்து வைத்தோம். ஒன்றாக நின்றோம். தாமரை என்னைப் பார்த்தபடி ஓர் அடி பின்னால் போனாள். எனக்கு வழி விடுகிறாளாம்.

அக்கரையில் இறங்கி நான் யாரிடம் என்ன சொல்வேன்? வெங்காயம் வேண்டும் என்றா?

"ஏறுட்டி தாமரை!" என்று அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். ஆறடி உருவம், நகரவே இல்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். ஏறினாள். தலையணையையும் பின்னாலேயே விட்டெறிந்தேன். அவள் பிடித்துக்கொண்டாள். கழுத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி என் பக்கம் எறிந்தாள். மியூசியச் சாவி.

படகு போயிற்று. தீவு வரைக்கும் போயிற்று. தீவைத் தாண்டிற்று. தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஐஸ் பாளங்களுக்கு நடுவில் நின்றுவிட்டது. எஞ்சின் சத்தமும் நின்றது. கரையில் யாரும் பேசவில்லை. நம் ஊராக இருந்தால் இதற்குள் பத்துப் பேர் பத்து யோசனை சொல்லியிருப்பார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், பாதியில் நிற்கிற அந்தக் குடோன் சாமியையும் கூப்பிட்டுவிட்டேன்.

அப்புறம் ஆரஞ்சுச் சட்டைக்காரன் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினான்.

ஏப்ரல் 6, சனி

பேத்தி. போனில் பார்த்தேன். தாய்க்கும் பிள்ளைக்கும் சுகம். ஆற்று நடுவிலேயே பிறந்துவிட்டாள், கரை சேரப் பொறுமை இல்லை. என் தலையணை மேலேதான் பிறந்தாளாம். முகம் தாமரையின் அச்சு. பாவம்.

ஏப்ரல் 10, புதன்

ஆறு இன்னும் வழி விடவில்லை. மியூசியப் பூனைக்குப் பால் வைக்கப் போகிறேன், திறந்த வீட்டில் தூசியாக இருந்தால் சும்மா இருக்க முடியாமல் பெருக்குகிறேன். தெருவில் எல்லோரும் என்னை நிறுத்துகிறார்கள். ஒருத்தி ஊறுகாய்ப் புட்டி, ஒருத்தி பின்னிய காலுறை, அந்தத் தொப்பிக் கிழவர் ஒரு மீன். ஆறு வருசம் கழித்து நம் ஊர்ப் பிள்ளை என்கிறார்கள். நம் ஊராம்! ஸ்டேஷன்காரர்கள் தங்கள் பிள்ளை என்கிறார்களாம். புல் தீர்ந்துபோய் இப்போது பிள்ளைக்குச் சண்டை.

இன்று வெளியூர் தம்பதி ஒன்று மியூசியத்துக்கு வந்துவிட்டது. படகில் வர முடியாது, அந்தச் சகதி ரோட்டில் எப்படித்தான் வந்தார்களோ. சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுத் துடைப்பத்தோடு நின்ற என்னைப் பார்த்துத் திகைத்தார்கள். வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? கண்ணாடிப் பெட்டி முன்னால் கூட்டிப் போய், "லுக்!" என்றேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வெங்காயம் உரிப்பது மாதிரி கண்ணைக் கசக்கிக் காட்டினாள்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. துடைப்பத்தை வில்லாகப் பிடித்து, நாணை இழுத்து, அந்த அம்மாள் நெஞ்சுக்கு நேராக ஓர் அம்பு விட்டேன். நானூறு பேர் என்று விரலில் காட்டினேன். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ஏப்ரல் 19, வெள்ளி

படகு விட்டார்கள். மலரும் பிள்ளையும் தாமரையும் வந்து இறங்கினார்கள். பிள்ளையை வாங்கி முகர்ந்தேன். கரையில் ஊரே நின்று மூன்று மூன்று தடவை துப்பியது. அதிலேயே பிள்ளை நனைந்திருக்கும்.

ஏப்ரல் 23, செவ்வாய்

பதிவு செய்கிற ஆபீஸ். பதிகிற அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தாள். பிறந்த ஊர் எது என்று கேள்வி. ஆற்றில் என்றால் ஆற்றில் எங்கே? தீவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? ஸ்டேஷன் ஆபீசிலிருந்தும் கேட்டிருக்கிறார்களாம்.

படகோட்டி, ஐஸைத்தான் பார்த்தேன் என்றிருக்கிறான். மலர், "எனக்கு வலிதான் தெரிஞ்சுது" என்றாள். தாமரையைக் கேட்டார்கள். அவள் நிமிர்ந்து நின்று, குழந்தையைப் பார்த்தேன், ஆற்றைப் பார்க்கவில்லை என்றாள். இந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்லமாட்டாள். தன் மியூசியத்தில் பொய்யான ஒரு வரி கூட இல்லை என்பவள். காது மட்டும் சிவந்துகொண்டே போயிற்று. ஒரு ஊருக்கு இவ்வளவு மதிப்பா? அதுவும் இந்த ஊருக்கு!

"கரையில நின்ன ஊர்க்காரங்க சொன்னா ஸ்டேஷன்காரங்க ஒத்துக்க மாட்டாங்களாம், பார்த்த வெளியாளு நீ ஒருத்திதான்னு சொல்றாங்கம்மா" என்றாள் மலர். "படகு எங்க நின்னுச்சு?"

பிள்ளை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நூலில் கோத்த அந்த வளையல்களைப் பிடித்துக்கொண்டு தாமரை சுவரைப் பார்த்தாள்.

"தீவுக்கு இந்தப் பக்கம்" என்றேன்.

"நல்லாத் தெரியுமாம்மா?"

"எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு? இந்தப் பக்கம்தான். இக்கரைன்னு எழுதச் சொல்லு."

அந்த அம்மாள் எழுதி, முத்திரையைக் குத்தினாள்.  வெளியே வந்ததும் தாமரை என்னைத் தூக்கிவிட்டாள். அப்படியே, மூட்டையைத் தூக்குவது போல. ஐம்பது வயதுப் பொம்பளையைத் தெருவில் தூக்குகிற ஜனங்கள். சிலை அப்போதும் அக்கரையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

என் தலையணையைத் துவைத்து, வில்லுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள் தாமரை. கீழே ஒரு சீட்டு. போனைக் காட்டினேன். "வெங்காய நகரத்தின் மகள் இதன் மேல் பிறந்தாள். சாட்சி: பாட்டி ஸேன்யா" என்று சொன்னது. தாமரை அதன் தமிழைக் கேட்டுத் தலையை ஆட்டினாள், பெருமையாக. வெங்காயம் என்று வந்துவிட்டதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

மத்தியானம் எங்கள் வீட்டுக்காரர் போன்.

"எப்ப கூட்டிக்கிட்டு வாரே? சேக்காளிக எல்லாம் கேக்காங்க."

"நான் மட்டும்தான் வாரேன். அடுத்த வாரம் விசா முடியுது."

"ஏன், அவ வரலையாமா? கேட்டுப் பார்த்தியா?"

"கேக்கல."

 "பிள்ள எந்த ஊர்ல பொறந்துச்சுன்னு கேட்டா என்னன்னுட்டி சொல்ல? எனக்கு வாயில நுழையல" என்றார்.

"வெங்காயப் பட்டணம்னு சொல்லுங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வைக்கப் போனவரை நிறுத்தி, "ஏங்க, நடுக்கூடத்துல கட்டியிருக்கே, அந்தத் தூளியை அவுத்து மடிச்சு வைங்க" என்றேன். "காலித் தூளி காத்துல ஆடக் கூடாது."